வலைத்தளத்துக்கு வீடு பார்த்த புஸ்பராணி

புஸ்பராணி வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். வாசல் படலைவரை போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை இழுப்பாள். பஸ் வந்து நின்றாலும் அது நிற்கட்டும் என்பாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் திருகோணமலையே ஓடியபோது கதவை ஆவென்று திறந்துவிட்டு ஓடியவள் அவள். திரும்பி வந்த பிறகு எந்தப் பூட்டையும் அவள் ஒரே தடவையில் நம்பியதில்லை.

அவளுடைய தொழில் பலகாரம். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குக் கனடாவில் இருக்கும் பிள்ளைகள் ஏதாவது அனுப்ப ஆசைப்படுவார்கள். அங்கிருந்து பார்சல் வந்து சேர்வதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். ஆகவே பிள்ளைகள் இணையத்தில் சொல்ல, புஸ்பராணி இங்கே கேக்கையும் பயத்தம் பணியாரத்தையும் செய்து ஓட்டோவில் கொண்டுபோய் வாசலில் இறக்குவாள்.

ரொறன்ரோவிலிருந்த தம்பி இராசதுரைதான் வலைத்தளத்தைச் செய்து, இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் வைத்திருந்தான். இலவச இடம் என்றால் பிறத்தியாரின் விளம்பரமும் கூடவே ஓடும். அவளுடைய பணியாரத் தட்டுக்கு நேர் மேலே, ஒரே மாதத்தில் உடம்பு மெலிய மாத்திரை என்று ஒன்று மின்னி மின்னி மறைந்தது. தீபாவளிக்கு ஆட்கள் கூடினதும் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டது.

"அக்கா, காசு கட்டி நல்ல இடமா எடுப்பம். அமெரிக்காவில கனக்கக் கொம்பனி இருக்கு," என்றான் தம்பி.

"ஆர் அந்த ஆக்கள்?"

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்?"

"முகம் தெரியாதவனிட்ட என்ர கடையைக் குடுக்கச் சொல்லுறியோ? ஓடுற நேரம் வந்தா அதை ஆரடா தூக்குறது?"

"அங்க ஏன் அக்கா ஓடப் போறாங்கள்?"

"எங்களுக்கும் ஓட வராதெண்டுதான் சொன்னவங்கள்."

அவளுக்கு ஓர் ஆளைத் தெரியும். தொண்ணூறில் திறந்து கிடந்த அவள் வீட்டிலிருந்து தையல் மெசினைத் தூக்கிப்போய் வைத்திருந்து, அவள் திரும்பி வந்த அன்றே எண்ணெய் போட்டுக் கொடுத்தவர், அண்ணன் முறையில் அவள் நானா என்று கூப்பிடும் கலீலுர் றஹ்மான். இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் கடை வைத்திருந்தார். ஊர்க் கடைகள் சிலவற்றின் வலைத்தளங்கள் அங்கே ஒரு பெட்டிக்குள் இருந்தன. புஸ்பராணி நேரில் போய்ப் பார்த்தாள். பெட்டியைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"இதுக்குள்ளயோ நானா?"

"ஓம் புள்ள. என்ட கண்ணுக்கு முன்னாலயே இரிக்கும்."

இதைவிட என்ன வேண்டும்? நல்ல நாள் பார்த்துக் கடையை அங்கே குடியேற்றினாள். பெட்டிக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறையும் தைத்துக் கொடுத்தாள், அதே மெசினில்.

மார்கழி பிறந்தது. பொங்கல் வியாபாரம்தான் அவளுக்கு ஆண்டு முழுவதற்குமான வியாபாரம். அந்த வருடம் அதை நம்பி இன்னொருத்தியும் இருந்தாள். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அவளோடு பணியாரம் சுட்டுத் தன் பிள்ளைகளைப் பார்த்த நல்லம்மா. பயறு வறுத்து இடித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஓர் ஓடரும் வரவில்லை.

"போன முறை சீனி கூடிப் போச்சோ அக்கா?" என்றாள் நல்லம்மா. கடைசியில் நாவூறு என்று முடிவு செய்து, அடுப்பைச் சுற்றி மிளகாயும் உப்பும் போட்டு இருவரும் இருமினார்கள்.

ஒரு பின்னேரம் இருட்டுகிற நேரம் தம்பி தொலைபேசி எடுத்தான். "அக்கா, உன்ர கடை பூட்டிக் கிடக்கு."

"விசர்க்கதை கதைக்காத. காலமையும் போய்ப் பார்த்தனான், திறந்துதான் கிடந்தது."

மறுநாள் காலையும் கலீலுர் றஹ்மானின் கடைக்குப் போய்த் திரையில் பார்த்தாள். பணியாரம், முறுக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தன. பின்னேரம் தம்பி மறுபடியும் பூட்டு என்றான். கண்ணாடி மாத்தடா என்று அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் கலீலுர் றஹ்மானுக்கு முறுக்குக் கொண்டுபோனவள் ஆறு மணியாகும்போது கடை வாசலில் நின்றாள். இருட்டுக்குப் பயந்து ஊரே அவசரமாகக் கடைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார், பூப்போட்ட உறையால் போர்த்தினார், வெளியே வந்து பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்தார்.

"நானா, இப்ப என்ர கடை எங்க?"

"உள்ளுக்குப் போர்த்து வெச்சிரிக்கன். கரண்டு வந்து வந்து போற ஊர், விட்டா எரிஞ்சி போயிரும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒரு நாளும் தவறினதில்ல!" என்றார் பெருமையாக.

"நானா, நாங்கள் அடைக்கிற நேரத்திலதானே கனடாவில எழும்புறவங்கள்?"

சாவியோடு நின்றவர் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். "யா அல்லாஹ், முழுக் கனடாவையும் வெளிய வெச்சிப் பூட்டியிரிக்கனே! தையல் மெசின் மாதிரி எண்டு நெனச்சிட்டன் புள்ள."

இடம் மாறவேண்டும் என்று சொல்வதற்குப் பதிலாக அவள் முறுக்குப் பொதியை நீட்டினாள். அவரே சொன்னார்: "மாத்துங்க. ஆனா ஒரு கொப்பி என்னட்ட இரிக்கட்டும்."

இராசதுரை கொம்பனிகளுக்கு எழுதப் போனபோது, தன் கேள்வியையும் கேட்டே தீரவேண்டும் என்று புஸ்பராணி பிடிவாதம் பிடித்தாள். ஓட வேண்டி வந்தால் கடையை யார் தூக்குவது? வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் எழுதினான். சில கொம்பனிகள் எவ்வளவு இடம் தருவோம் என்பதை மட்டும் அளந்தன. ஒன்றுதான் பதில் சொன்னது: நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறொரு நகரத்தில் வைக்கிறோம், எந்நேரமும் ஓர் ஆள் விழித்திருப்பார்.

"இது ஓடிப் பழகின ஆக்கள் போல கிடக்கு," என்றாள். "இதையே எடு."

பொங்கலுக்கு முதல் கிழமை ஓடர்கள் குவிய, நல்லம்மா உருட்டி உருட்டிக் கை சோர்ந்து, "இனிக் காணுமெண்டு கனடாவுக்குச் சொல்லுங்கோ அக்கா," என்றாள்.

இன்றும் வலைத்தளம் அந்தக் கொம்பனியில்தான் இருக்கிறது. அது இருக்கும் நகரத்தைப் புஸ்பராணி பார்த்ததில்லை. ஒரு பிரதி சீடி இறுவட்டில் கலீலுர் றஹ்மானின் அலுமாரிக்குள், பூப்போட்ட உறையில் சுற்றிக் கிடக்கிறது. நல்லம்மா சம்பூருக்குத் திரும்பிவிட்டாள். பொங்கலுக்கு மட்டும் வந்து பணியாரம் சுடுகிறாள்.