வெள்ளிக் கோளுக்கு மெர்போக் பால்

காஞ்சனாவின் ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் ஒரே ஒருவர்தான் மேற்கோள் காட்டியிருந்தார். அதுவும் தப்பு என்று சொல்வதற்காக.

வெள்ளிக் கோளின் சமவெளிகளில் வரிவரியாகச் சுருக்கங்கள் உண்டு. எரிமலைக் குழம்பு ஓடும்போதே மேலே தோல் கட்டி, அந்தத் தோல் மடிந்ததால் வந்தவை அவை என்பது அவள் கணிப்பு. அதைக் காட்ட அவள் எடுத்துக்கொண்டது ரப்பர் பால். தட்டில் ஊற்றி, பால் உறைய அசிட் தெளித்து, மேலே ஆடை படர்ந்ததும் மெல்லச் சாய்க்க வேண்டும். வெள்ளியின் ராடார் படத்தில் இருக்கும் அதே மடிப்புகள் எழுந்து நிற்கும்.

பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறை லோகேஸ்வரனுக்கு இது தினசரி வேடிக்கை.

"என்ன டாக்டர், இன்னிக்கு வெள்ளிக்குப் பால் ஊத்தியாச்சா? அடுத்து செவ்வாய்க்கு என்ன, தயிரா?"

"முதல்ல பால் உறையட்டும் சார்" என்று அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

அந்தச் சிரிப்பு நின்றுபோனது பின்லாந்திலிருந்து ஆய்வாளர் ஹன்னாவின் மறுப்பு வந்தபோது. பலமுறை செய்து பார்த்தோம், ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்று அவர் எழுதியிருந்தார். விளக்கம் கொடுங்கள், இல்லையென்றால் கட்டுரையை நீக்குகிறோம் என்றது ஆய்விதழ். நீக்கிவிட்டால் வராததை வந்ததாக எழுதியவள் என்ற பேர் ஆயுசுக்கும் கூடவே வரும். காஞ்சனா மறுபடி செய்தாள். சுருக்கம் விழுந்தது. இன்னொரு தட்டு. அதிலும் விழுந்தது. இங்கே விழுவது அங்கே ஏன் விழவில்லை?

கடைசியில், கேமரா முன்னால் செய்து காட்டும்படி ஹன்னாவையே கேட்டாள். திரையில் ஹன்னா ஒரு டின்னைத் திறந்தார். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

காஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம். ஏன் முகத்தத் திருப்புறீங்க?"

"நெடி. எப்பவும் இப்படித்தான், கண்ணெல்லாம் எரியும்."

மரத்திலிருந்து இறங்கிய பாலுக்கு யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. சின்ன வயதில் தோட்டத்துப் பால் ஸ்டோரில் பீப்பாய்க்குள் அமோனியா ஊற்றும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பால் உறையாமல் இருக்க ஊற்றுவது. கடல் தாண்டிப் போகிற பாலெல்லாம் அந்தப் பால்தான். அவள் ஆய்வகத்துக்கு வந்ததோ பக்கத்து ஊரான மெர்போக்கில் அப்பா அம்மாசியின் சொந்த மரங்களிலிருந்து. அவர் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே பாலை உறையவிட்டுக் கட்டியாக விற்பவர். அமோனியாவைத் தொடுவதே இல்லை.

கட்டுரையில் அவள் எழுதியிருந்தது 'ரப்பர் பால்' என்று மட்டும். தண்ணீர் என்று எழுதுகிறவர் மண்ணெண்ணெய் கலக்காதது என்றா சேர்த்து எழுதுவார்? பால்மரக் காட்டில் பிறந்தவளுக்குப் பால் என்றால் அன்று காலை சொட்டியது.

மேசையில் அவள் அடித்த அடியில் லோகேஸ்வரன் ஓடி வந்தார். "என்ன ஆச்சு?"

"அமோனியா லா சார்! அவங்க ஊத்துறது அமோனியா போட்ட பால்! அது எப்படி என் அசிட்டுக்கு உறையும்?"

"நீங்க எழுதலையா அத?"

"எழுதணும்னே தோணல. தப்பு என் மேலதான். ஆனா சுருக்கம் உண்மை!"

ஹன்னா விமானம் ஏறி வந்தார். மெர்போக்கில், மரத்தடியில், அம்மாசி தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வெள்ளைக்காரப் புள்ள ஒரு மங்கு பாலுக்கா இவ்ளோ தூரம் வந்துச்சு?"

"ஆமாப்பா. ஆடாமப் புடிங்க."

ஹன்னாவே ஊற்றினார். ஹன்னாவே அசிட் தெளித்தார். ஆடை படர்ந்தது. சாய்த்தார். ஓரத்தில் ஒரு கோடு நெளிந்தது. அதை ஒட்டி இன்னொன்று. பிறகு தட்டு முழுக்க, தூங்கி எழுந்த போர்வை மாதிரி மடிப்புகள். கண்ணாடித் தாளில் அச்சடித்த ராடார் படத்தை மேலே வைத்துப் பார்த்தார். கோட்டோடு கோடு போனது. அம்மாசியிடம் கையை நீட்டினார். குலுக்கிய இரண்டு கைகளும் பாலில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நூல் நூலாக இழுபட்டன. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுப்பை ஹன்னாவே திரும்பப் பெற்றார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை பல நாடுகளின் ஆய்வகங்களுக்குப் போனது. பால்மரம் இருக்கும் ஊர்க்காரர்கள் புதுப்பாலில் செய்தார்கள்; இல்லாதவர்கள் அமோனியாவை எடுத்துவிட்டுச் செய்தார்கள். செவ்வாய்க்குச் செய்தார்கள், வியாழனின் நிலவுகளுக்குச் செய்தார்கள். எல்லாரும் அதை மெர்போக் சோதனை என்றார்கள்.

போன மாதம் லிஸ்பனில் நடந்த கோளியல் மாநாட்டில், காஞ்சனா பார்த்தே இராத பிரேசில் மாணவி ஒருத்தி மேடையேறினாள். திரையில் முதல் வரி: 'அன்று காலை சொட்டிய பால். அமோனியா இல்லை.' முன்வரிசையில் இருந்த காஞ்சனாவின் கைதட்டல்தான் அரங்கில் முதலில் கேட்டது.

தட்டி முடித்தபோது கைப்பேசியில் லோகேஸ்வரனின் செய்தி. 'டாக்டர், அந்தச் செவ்வாய் ஆராய்ச்சியில என்னையும் சேத்துக்குங்களேன்.'

அவள் உடனே பதில் போட்டாள்: 'தயிரோட வாங்க சார்.'