அகராதிக்குள் அலைந்த சாயங்காலம்

பேத்தியின் புது ஆங்கில அகராதியைப் பிரித்ததும் எழுந்த கோந்து வாசனை என்னை எங்கள் ஊர் நெரவியின் வாசகசாலைக்கு இழுத்துப்போனது. வாசகசாலை இன்று இல்லை. அங்கே நிற்பது என் இரும்புக்கடை, அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய நான் கட்டியது. பள்ளியை விட்ட அன்று வாத்தியார் என்னை 'அப்ஸ்டினேட்' என்றார். வசவா புகழ்ச்சியா தெரியாமல் அன்று சாயங்காலமே வாசகசாலைக்குப் போனேன். மின்விசிறி கடகடத்த அந்த அறையில், பிசுக்கேறிய அகராதி அதற்கு 'ஸ்டபர்ன்' என்றது, அதைத் தேடிப் போனால் மறுபடி 'அப்ஸ்டினேட்' என்றது, இப்படியே இருட்டும்வரை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்றேன், கேளுடா," என்றார் வாசகசாலைக்காரர்.

"வேணாங்க சார், நானே கண்டுபிடிக்கிறேன்."

"பிடிவாதக்காரப் பயலே, எந்திரி! கதவச் சாத்தணும்."

அந்தத் திட்டுதான் நான் தேடிய அர்த்தம் என்று தெரியாமல், மறுநாளும் போய் உட்கார்ந்தேன்.