குழிக்கடையில் நாலாவது ஆள்

மழை பிடித்துக்கொண்டால் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் நின்றுவிடும். தறிக்குழியில் ஈரம் ஊறும், பட்டு நூல் தொய்யும், சரிகை முரண்டு பிடிக்கும். நெசவுக்காரன் என்ன செய்வான்? மற்றவர்கள் என்ன செய்தார்களோ, நான் சாப்பிடப் போவேன். வெயில் காலத்தில் எனக்கு வேலையும் உண்டு, பசியும் உண்டு. மழைக் காலத்தில் வேலை மட்டும் லீவு எடுத்துக்கொள்ளும். அதன் பங்கையும் பசி சேர்த்துப் பார்க்கும்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குழிக்கடை இருந்தது. பலகை கிடையாது, பெயரும் நாங்கள் வைத்ததுதான். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த நெசவாளி சொந்த வீடு கட்டிக்கொண்டு போனபோது தறியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். குழியைக் கழற்ற முடியவில்லை. அடுத்து வாடகைக்கு வந்த அக்கா, மண் அடித்து மூட வண்டிக்காரன் கேட்ட கூலியில் மிரண்டு, குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி, நடுவில் கரி அடுப்பை இறக்கி, மேலே பெரிய சட்டி ஒன்றை ஏற்றிவிட்டாள். சட்டியின் வாய் தரைமட்டத்துக்கு நிற்கும். உள்ளே கிராம்பு மணக்க ஆட்டுக்கால் பாயா ஓயாமல் கொதிக்கும். சுற்றிலும் நாலு பேர், தறியில் உட்காருவது போலவே குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் வாசலில் நின்று எங்கள் வாயைப் பார்க்க வேண்டியதுதான்.

கிண்ணமும் இட்லியும் அக்கா தருவாள். அகப்பை ஒன்றே ஒன்று. முறை வைத்து நாமே அள்ளிக்கொள்ள வேண்டும். வெளியே சோவென்று மழை. முழங்காலுக்குக் கீழே கரிச்சூடு, தொண்டையில் மிளகுக் காரம், மூக்கு தன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். பிற்பாடு எத்தனையோ ஓட்டல்களில், மேலே மின்விசிறி சுற்ற, மேசை நாற்காலியில் அமர்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என் கால்களுக்கும் சேர்த்து விருந்து வைத்த கடை அது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்ததும் அக்கா குழிமேல் பலகையைப் போட்டு மூடிவிடுவாள். சித்திரை வெயிலில் அடுப்புக்குள் காலை விட யார் வருவார்கள்?

ஒரே ஒரு சங்கடம், எங்கள் வீடு சைவம். என் அம்மாவுக்கு நான் வாசல் தாண்டிப் போய்ச் செய்வது எதுவும் தெரியாது. மழையில் நன்றாக நனைந்து வீடு திரும்பினால் வாசனை போய்விடும் என்பது என் விஞ்ஞானம்.

அந்த ஐப்பசியில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே சில இடங்கள் என் வாயால் தட்டிப்போயிருந்தன. ஒரு பெண்ணின் அப்பா "தம்பி என்ன பண்றீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார், "உங்க வீட்டு பஜ்ஜி சாப்பிடறேன்" என்றேன். அவ்வளவுதான், அடுத்த பஜ்ஜி வரவில்லை. இப்போது வந்திருந்தது சின்ன காஞ்சிபுரத்துப் பெண். இவளை நான் முன்பே பார்த்திருந்தேன். வைகாசித் திருவிழாக் கூட்டத்தில் மாங்காய்க்காரனிடம் "இன்னும் கொஞ்சம் மொளகாத்தூள் போடுபா, கை இன்னா குறுகிப்போச்சா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று நான் முடிவு செய்து மாதக்கணக்காகிவிட்டது. மாங்காய்க்காரனுக்குக்கூடத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. இந்த இடமும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வீட்டில் வாயைத் திறக்காமல் நடமாடிக்கொண்டிருந்தேன். அம்மாவோ பெண் வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள், "எங்க பையன் சுத்த சைவம். ஓட்டல் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான்" என்று.

அந்த வாரமே அடைமழை. தலை வைத்துப் படுக்காதவன் குழிக்கடையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னுடன் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. நாலாவது இடத்தில் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் வேற்றுத் தெரு ஆள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மீசை கனமாக இருந்தது. எலும்பைத் தட்டிச் சாறு எடுக்கிற லாகவத்தைப் பார்த்தே தொழில் தெரிந்தவர் என்று மரியாதை வந்தது.

இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் கேட்டார்: "தம்பிங்கல்லாம் இந்தப் பக்கம்தானா? ஒரு பையனப் பத்தி விசாரிக்கணும். கோடி ஊடு, வாசல்ல வேப்பமரம். ஒரே பையனாம்."

அது நான். கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அவர்களின் முகத்தில் அன்று எரிந்த வெளிச்சத்தைக் கார்த்திகைக்குக்கூட நான் கண்டதில்லை. நான் அவர்களுக்குச் செய்திருந்த குறும்புகளுக்கெல்லாம் வட்டியோடு வசூல் செய்கிற நாள் வந்துவிட்டது.

"அந்தப் பையனா? ஐயய்யோ" என்றான் நெட்டை. "பொண்ணு கிண்ணு தரப்போறீங்களா? தறியில உக்காந்துக்கினே தூங்குவாங்க அவன்."

குழிக்குள் அவன் காலைத் தேடி ஓர் உதை விட்டேன். அவன் அசையவில்லை.

"அவன் முந்தானையில மயிலு போட்டா, வாங்கினவங்க வாத்துன்னு நெனச்சி சந்தோசமா கட்டிக்கினு போறாங்க."

இன்னோர் உதை.

"வாயத் தொறந்தா பொய்யிங்க" என்று குட்டை ஆரம்பித்தான். "ஒருவாட்டி வராத மாமாவ கூட்டியாரச் சொல்லி, என்னிய பஸ் ஸ்டாண்டுல நாள் பூரா நிக்க வச்சான். பேஜாரு புடிச்ச ஆளு."

இதற்குக் கொஞ்சம் பலமாகவே விட்டேன். விருந்தாளி லேசாக முகம் சுளித்தார். காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இவங்க பேச்ச நம்பாதீங்க" என்றேன் நான். "தங்கமான பையன்."

"உனக்கு அவன நல்லா தெரியுமா?"

"பொறந்ததுல இருந்து கூடவே இருக்கேங்க."

"சாப்பாடு விஷயத்துல எப்படி?"

அம்மா என் காதில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "சுத்த சைவங்க. கறி வாசனை வந்தாலே மூக்கப் பொத்திக்கினு ஓடிடுவான்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த நல்லி எலும்பை ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ வேற எடம்தான் பாக்கணும்" என்றார்.

நான் எலும்பைக் கிண்ணத்தில் போட்டேன். "ஏங்க?"

"பொண்ணு எங்கக்கா மவ. எங்க ஊட்ல கறி இல்லாம ஞாயித்துக்கெழம விடியாது. பையனோட அம்மா 'நாங்க சைவம்'னு சொன்னதும், எங்கக்கா ரோசத்துல 'நாங்களும் சைவம்தான்'னு சொல்லி வச்சிட்டா. பொண்ணு அழுவுது. 'மாமா, காலம் பூரா பூசணிக்கா துன்னுக்கினு இருக்க என்னால ஆவாது. நீ போயி உஷாரா விசாரி, மெய்யாலுமே சைவம்னா வாணாம்னு சொல்லிடு'ன்னு."

கூட்டாளிகளின் சிரிப்பு நின்றுபோனது. அவர்கள் இவ்வளவு நேரம் பாடுபட்டுக் கெடுக்க முடியாத காரியத்தை நான் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

"மாமா" என்றேன். உறவு முறை தானாக வந்துவிட்டது. "அந்தப் பையன் நான்தாங்க."

"தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

குழியிலிருந்து காலைத் தூக்கி வேட்டியை விலக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "இவங்க அந்தப் பையனத் திட்டறப்பல்லாம் எனக்குல்ல ஒத உழுந்துது? ஊரான் புள்ளைக்கு எவன்பா இப்படி ஒதப்பான்?"

நான் தலையைச் சட்டிக்குள் விட்டுக்கொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஒத போனா போவுது" என்றார். "எலும்ப வாயில வச்சிக்கினே சைவம்ன பாரு, அங்கதான் பயந்துட்டேன். உங்கம்மா எதிர்ல இதே பொய்ய சொல்லிக்கினு இருந்தியானா, எங்க பொண்ணு பட்டினிதானே? அம்மாகிட்ட உண்மைய சொல்லுவியா?"

வாழ்க்கையில் என்னிடம் யாரும் வேடிக்கையில்லாத பதிலை எதிர்பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "அந்த தைரியம் எனக்கு இல்லீங்க. ஆனா உங்க பொண்ண இங்க கூட்டிக்கினு வருவேன்."

"இங்கயா? பொம்பளைங்க இப்படி உக்காந்து சாப்புடுவாங்களா?"

இட்லித் தட்டோடு வந்த அக்கா நின்றாள். "நான் இன்னா ஆம்பளையாபா? தெனம் நான் இதுல உக்காந்துதான் துன்றேன். கூட்டிக்கினு வரட்டும், எம்பக்கத்துல உக்கார வச்சி போடறேன்."

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். முறை அவருடையது இல்லை. இருந்தும் அகப்பையை எடுத்தார். சட்டியைத் துழாவி, கொழுத்த காலாக ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். "துன்னுபா" என்றார். எனக்கு நிச்சயதார்த்தம் அங்கேதான் நடந்தது.

பெண் பார்க்கப் போன அன்று இரண்டு அம்மாக்களும் போட்டி போட்டார்கள். "எங்க ஊட்ல முட்டை கூட வாங்கறதில்ல" என்றாள் என் அம்மா. "கோழி கூவினாலே நாங்க கதவ சாத்திடுவோம்" என்றாள் அவள் அம்மா. மாமா கூரையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உள்ளறையில் யாருக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

தையில் கல்யாணம். பிறகு வெயில் காலம்; குழியின்மேல் பலகை. மழையே இல்லை. அவள் பூசணிக்காயைத் தின்றுகொண்டு, துணி உலர்த்துகிற சாக்கில் தினமும் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மழை பெய்யாததற்கு நான்தான் ஜவாப்தாரி போல இருக்கும் அந்தப் பார்வை. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்தாள்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. பெருமாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரே குடையில் கிளம்பினோம். அக்கா சொன்னபடி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என் மனைவி புடவையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக் குழியில் காலை இறக்கினாள், அகப்பையை வாங்கினாள். அதற்கப்புறம் நான் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, மூக்கு சிவந்து, குங்குமம் கரைந்து, அவள் சாப்பிட்ட அழகைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் இட்லி ஆறிப்போனது. அவ்வளவு அழகாக ஆறிய இட்லியை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தாள். "இன்னாடி இது, கிராம்பு வாசனை தூக்குது?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு பொய்யும் வரவில்லை. கையில் வைத்திருந்ததெல்லாம் மழையில் நனைந்துவிட்டது போல.

என் மனைவி குடையை மடக்கி நிதானமாக உதறினாள். "பெருமாள் தீர்த்தம் அத்தே. இன்னிக்குக் கிராம்பு தூக்கலா போட்டுட்டாங்க. இவரு வேற ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சாரு" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்து, கல்யாணத்துக்கு அப்புறமாவது பக்தி வந்ததே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.