துளை மெஷினும் கார்த்திகை பதினெட்டும்

"கார்த்திகை 4, வியாழக்கிழமை. மரத்தில் சதுரத் துளை போடும் பழைய மெஷின் ஒன்று, மோட்டாருடன், ஓடும் கண்டிஷனில் ஒப்படைக்கப்பட்டது."

ஓசூர் பக்கம் பழைய மெஷின்கள் விற்கும் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டு இது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். தமிழ்த் தேதி போடச் சொன்னது நான்தான். தாலுகா அலுவலகப் பதிவறையில் பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கியே ஓய்வு பெற்றவன். தேதியும் கையெழுத்தும் இருந்தால் ஒரு தாளை நம்பிவிடுவேன். இன்று அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

அதில் பொய் எழுதியிருந்தால்கூட நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன். பொய் இல்லை. கடையில் சுவிட்சைப் போட்டார், மோட்டார் சுற்றியது. ஒரு துண்டு மரத்தை வைத்துத் துளை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கூட வந்த தம்பிக்குத் தோன்றியிருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. மினி லாரியில் திரும்பும்போது ஏன் என்று கேட்டேன்.

"நீதான் அந்தத் தாள்லயே கண்ணா இருந்தியேண்ணா" என்றான்.

தம்பி தச்சன். அரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஊரில், வீட்டை ஒட்டி ஒரு ஷீட் கொட்டகையில் வேலை செய்கிறான். போன சித்திரையில் வத்தல்மலையிலிருந்து மொபெட்டில் இறங்கும்போது வளைவில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். உளியின் தலையில் அடிக்கும் மரச்சுத்தியை, அதாவது கொட்டாப்புளியை, இனி அந்தக் கையால் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதவு நிலை செய்கிறவன் கொட்டாப்புளி இல்லாமல் என்ன செய்வான்? நிலையின் ஒவ்வொரு மூலையிலும் சதுரத் துளை வேண்டும். கையால் போட்டால் நூற்றுக்கணக்கான அடி. மெஷின் என்றால் ஒரு கைப்பிடியைக் கீழே இழுத்தால் போதும். அதற்காகத்தான் வாங்கினோம்.

விபத்துக்குப் பிறகு அவனுக்கு வந்த ஒரே வேலை, பக்கத்துத் தெரு விவசாயி கட்டும் வீட்டின் தலைவாசல் நிலை. எங்கள் பக்கப் பேச்சில் அதை நெலவு என்பார்கள். சுற்று வட்டாரத்தில் எல்லாரும் ரெடிமேட் நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் போய்விட்டால் தம்பியின் கொட்டகையைப் பூட்டிவிட வேண்டியதுதான். நிலை வைக்கக் கார்த்திகை 18, வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்திருந்தார்கள். அதை விட்டால் கார்த்திகையில் வேறு நல்ல நாள் இல்லை, அடுத்தது மார்கழி. மார்கழியில் யாரும் நிலை வைப்பதில்லை.

எட்டு நாட்கள் மெஷினின் துருவைத் தேய்ப்பதிலும், தரையில் போல்ட் அடித்து நிறுத்துவதிலும், மும்முனை மின்சாரக் கம்பி இழுப்பதிலும் போயின. முதல் தடவை சுவிட்ச் போட்டபோது மோட்டார் சுற்றியது. ஆனால் துளைக்கும் பிட் மரத்தில் இறங்காமல் வழுக்கியது. பக்கத்து வயல்காட்டில் போர்வெல் மோட்டார் பார்க்கும் மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இது தலகீழா சுத்துதுங்க. ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா சரியாப் பூடும். எங்க போர் மோட்டாரும் இப்பிடித்தான். சத்தம் பலமா வரும், தண்ணி வராது. உங்க தாலுக்கா ஆபீசாட்டம்."

அவரே மாற்றிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த விவகாரத்தில் உருப்படியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

இனி வருவது என் பங்கு. இந்த மெஷினில் உள்ளே குடைந்த ஒரு சதுர உளி இருக்கிறது. அதன் நடுவே பிட் சுற்றும். பிட்டின் நுனிக்கும் உளியின் வாய்க்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் உரசிச் சூடேறும். அந்த இடைவெளிக்கு ஒரு சுலபமான வழியைப் படித்து வைத்திருந்தேன். உளியின் தோளுக்கு மேல் ஒரு நாணயத்தை வைத்து உளியை முடுக்க வேண்டும். பிட்டை உளியின் வாயில் முட்டும் வரை ஏற்றி இறுக்க வேண்டும். பிறகு உளியைத் தளர்த்தி, நாணயத்தை எடுத்துவிட்டு, உளியை மேலே தள்ளி மறுபடி முடுக்கினால் நாணயத்தின் தடிமன் அளவுக்கு இடைவெளி கிடைத்துவிடும். இதையெல்லாம் எண் போட்டு நோட்டில் எழுதியிருந்தேன்.

கார்த்திகை 12, வெள்ளி காலை, இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்து முடுக்கினேன். பிட்டையும் இறுக்கினேன். உளியைத் தளர்த்தப் போனால் கடைக்காரர் கொடுத்த ஸ்க்ரூ முடுக்கும் சாவி முனை மழுங்கிப்போய்ச் சுற்றியது. ஸ்க்ரூ அசையவில்லை. புதுச் சாவி வாங்க அரூருக்குக் கிளம்பினேன். நாணயம் உளிக்கு மேலேயே இருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் "4-ஆம் படி பாக்கி" என்று எழுதிவிட்டுப் போனேன். இதைவிட மடத்தனம் உண்டா?

திரும்பி வந்து தெருவில் இறங்கும்போதே கருகிய மர வாசனை. கொட்டகைக்குள் புகை. மெஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம், கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம். கைப்பிடியைப் பிடித்தபடி வீட்டுக்கார விவசாயி. தம்பி சுவிட்சை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். உளி நீலம் பாரித்து, பக்கவாட்டில் கீழிருந்து மேலாகப் பிளந்திருந்தது. அதன் தோளுக்கு மேல் அந்த நாணயம் அப்படியே இருந்தது. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு.

"என்னா சார் மெஷினு இது? மொதல் தொளைக்கே பொகையுது!" என்றார் வீட்டுக்காரர்.

"உங்கள யாருங்க போடச் சொன்னது?"

"நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது. என் வூட்டு நெலவு, மொதல் தொளை நாந்தான போடோணும்? ஆசாரி கைய வெச்சிக்கினு முழிக்கறாப்ல. நான் கொஞ்சம் அமுத்திப் புடிச்சன்."

அமுக்கிப் பிடித்திருக்கிறார். ஏர் பிடித்த கை. புகை வந்த பிறகும் விடவில்லை. பாதியில் நிறுத்தினால் அபசகுனமாம்.

நான் தம்பி மனைவியிடம் திரும்பினேன். "அந்தக் காசை ஏம்மா எடுக்காம விட்டீங்க?"

"எடுக்கறதா? நீங்க சாமிக்கு வெச்சிட்டுப் போனீங்கன்னு நெனச்சன் மாமா. சாமி காச யாராச்சும் எடுப்பாங்களா?"

"நான் என்னிக்கும்மா சாமிக்குக் காசு வெச்சிருக்கேன்?"

"அதான் ஆச்சரியமா இருந்திச்சி. சரி, தம்பி கைக்காக மாமாவே எறங்கி வந்துட்டாருன்னு நெனச்சி பொட்டு வெச்சன். எதுக்கு வெச்சீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எல்லாத்தையும் அந்த நோட்டுக்குத்தான் சொல்லுவீங்க. நோட்டு வந்து எங்ககிட்ட சொல்லுமா?"

அவள் சொன்னது நியாயம் என்பதாலேயே இன்னும் கத்தினேன். மாலையை அறுத்தெறிந்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். வேறு உளி வேண்டும், இதே அளவு. "நம்மகிட்ட அந்த ஒண்ணுதாங்க. ஓடற கண்டிஷன்ல குடுத்தன்னு எழுதியே குடுத்திருக்கன் பாருங்க. ஓடுச்சா, இல்லியா?" என்று சிரித்தார். சேலத்தில் ஒரு கடையில் வெளி மாநிலத்திலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பார்சல் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஆசாரி, பதினெட்டு வுட்டா தைதான். அரூர்ல ரெடிமேட் நெலவு அடுக்கி வெச்சிருக்கான். நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

"ஆயிரும்ங்க" என்றான் தம்பி.

உளியை உடைத்தவர் அவர். அவரிடம் "ஆயிரும்ங்க" என்கிறான் இவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு தச்சரைக் கூப்பிட்டுத் துளை மட்டும் போடச் சொல்லலாம் என்றேன். துளை போடுகிறவன்தான் அடுத்த வேலையும் கேட்பான் என்றான். சரி, நானே அடிக்கிறேன் என்று கொட்டாப்புளியை எடுத்தேன். வேப்பமரம். பத்தாவது அடியில் உளி கோட்டைத் தாண்டியது. அவன் என் கையிலிருந்து பிடுங்கினான்.

"ண்ணா, இது நெலவு. உங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டு இல்ல."

முதலில் இடது கையால் அடித்துப் பார்த்தான். குறி தப்பியது. பிறகு மணிக்கட்டில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு வலது கைக்கு மாற்றினான். திங்கள், செவ்வாய், புதன். நான்கு மூலைகள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அவன் மனைவி அடுப்படியில் சுடுதண்ணீர் காய வைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மூன்று நாட்களுக்கு என் நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

வியாழக்கிழமை நிலை வைத்தார்கள். நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டினார்கள். வீட்டுக்காரர் நிலைமேல் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். "மெஷினு கிஷினு எல்லாம் சும்மாப்பா. நம்ம ஆசாரி கை, கைதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தம்பி வீங்கிய கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றான். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கார்த்திகை 19, பார்சல் வந்தது. புதுச் சாவியால் பழைய உளியைக் கழற்றினேன். இந்தத் தடவை தம்பியையும் அவன் மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்தேன். நாணயத்தை அவளே எடுத்தாள். மிச்சமிருந்த வேப்பந்துண்டில் இரண்டே நிமிடத்தில் சுத்தமான சதுரத் துளை. ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டிய துளை. அதைப் பார்த்து வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். அந்தத் துளைக்குக் கைப்பிடியைத் தம்பி இடது கையால்தான் இழுத்திருந்தான். வலது கையால் முடியவில்லை.

வீட்டுக்காரர் ஜன்னல் நிலை ஆறும் அவனுக்கே கொடுத்திருக்கிறார். மெஷினில் இடது கையாலேயே துளை போட்டுக்கொண்டிருக்கிறான்.

கார்த்திகை 25, தருமபுரியில் எக்ஸ்ரே எடுத்தோம். தகட்டில் ஒரு ஸ்க்ரூ வெளியே நகர்ந்திருக்கிறது. மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இது எப்போது நகர்ந்தது என்று கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம் என்றார். ஊரிலுள்ள எல்லாருடைய தாளையும் பத்திரப்படுத்தும் என் வீட்டில் அந்தப் படம் இல்லை. தம்பி வீட்டிலும் இல்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. ஆகவே, அந்த ஸ்க்ரூ அந்த மூன்று நாட்களில்தான் நகர்ந்ததா, முன்பே தளர்ந்திருந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.