நெற்றியில் இரண்டு சுழி

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். கொடைக்கானலில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்தது. சீசன் இல்லாததால் ஏரிக்கரையில் சவாரிக்கு ஆளே கிடையாது. எங்கள் மட்டக் குதிரைகள் லாயத்தில் நின்று தின்றே பொழுதைப் போக்கின. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், வயிற்றில் ஐந்து மாதம்.

என்னைப் பெற்ற அத்தா பழனியில் மாட்டு வியாபாரி. நான் வாக்கப்பட்டதோ குதிரைக்கார வீடு. வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே சவாரிக்குக் குதிரை விட்ட குடும்பம். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் என் கணவருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் லாயத்தில் பிறந்த குட்டி ஒன்று மெட்ராஸ் ரேஸில் ஓட வேண்டுமாம். சோறு தின்னும்போதுகூட அதே பேச்சுதான்.

பைத்தியத்துக்குக் காரணம், லாயத்தின் கடைசியில் நின்ற ஒரு பெட்டைக் குதிரை. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை இவரிடம் விட்டுப் போனது. ரேஸுக்கென்றே வளர்க்கிற அசல் ஜாதிக் குதிரை. ஆனால் வயசாகிவிட்டது. "இன்னும் ஒரு குட்டி போடும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரே குட்டிக்கு நல்ல தகப்பனைத் தேடுவதுதான் எங்கள் வீட்டில் அப்போது பெரிய கவலை. தப்பான குதிரையைச் சேர்த்துவிட்டால் அவருடைய ஆசைக்கு அத்தோடு மண் விழுந்தது என்று அர்த்தம்.

பெயர் பெற்ற பொலிக்குதிரைகளை வாங்க எங்களுக்கு ஏது வசதி? மலையடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு மிராசுதார் இருந்தார். ரேஸ் பித்து தெளிந்து, மிச்சமிருந்த இரண்டு ஜாதிக் குதிரைகளையும் சல்லிசாகத் தள்ளிவிடப் பார்த்தார். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார்.

முதல் குதிரை செக்கச் சிவப்பாம். பல ரேஸ் ஜெயித்ததாம். மேனி எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறதாம். கழுத்து மயிரில் ராசியான சுழி வேறு. இரண்டாவது பழுப்பு நிறம். குட்டியாக இருக்கும்போதே வேலியில் விழுந்து முட்டியில் அடிபட்டதால் ஒரு ரேஸிலும் முன்னால் வரவில்லை. போதாததற்கு நெற்றியில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு சுழி.

அந்த இரண்டு சுழியைக் கேட்டதுமே என் மாமி, அதாவது அவருடைய அம்மா, கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார். "ரெட்டைச் சுழியா? புள்ளத்தாச்சி இருக்கிற வாசல அது மிதிக்கவே கூடாதுல. மிதிச்சா வயித்துல உள்ளது தங்காது!"

மாமி ஐந்து வேளையும் தொழுகிறவர். சகுனம் பார்ப்பது கூடாது என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னால் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும், "அது மனுசங்களுக்குச் சொன்னது, இது குதிரை சமாச்சாரம்" என்பார். குதிரைக்கார வீடுகளில் சுழி பார்ப்பது அப்படி ஊறிப்போன விஷயம். சுழி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட குதிரையும் பாதி விலைக்குப் போகும்.

முதல் குதிரைக்கே அச்சாரம் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. நான் சும்மா இருந்திருக்கலாம். மாட்டுக்கார வீட்டு வாய் சும்மா இருக்குமா?

"அதுங்களோட குட்டிகளப் பாத்தீங்களா?" என்றேன்.

எங்கள் அத்தா எந்தக் காளையையும் அதன் கன்றுகளைப் பார்க்காமல் பசுவோடு சேர்க்க மாட்டார். மனிதர் அதற்காக ஊர் ஊராக அலைவார். என் கணவருக்கு அது தோன்றவே இல்லை. பிறகுதான் மிராசுதார் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அடிவாரத்து வெயில் தாங்காது என்று இரண்டு குதிரைகளையும் கோடைக்குக் கோடை மேல்மலையில் போளூருக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்களாம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மட்டக் குதிரைகளை இவற்றோடு சேர்த்திருக்கிறார்கள். குட்டிகள் அங்கேதான் வளர்கின்றன.

"நானும் வாரேன்" என்றேன். வீடே அதிர்ந்தது. "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று மாமி கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆகாதுன்னு சொல்றது என் வயித்துக்குத்தானே மாமி? நானே போய்க் கண்ணால பாத்துட்டு வாரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெளியே வீராப்பு. உள்ளுக்குள் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

விடிய வெள்ளனே கிளம்பி, பாதி வழி உருளைக்கிழங்கு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். மீதி வழி நடை. ஊருக்குள் நுழையும்போதே பூண்டு மூட்டைகளோடு குதிரைகள் எதிரே வந்தன. எது எந்தக் குதிரையின் குட்டி என்று ஊர்க்காரர்களே காட்டினார்கள்.

சிவப்புக் குதிரையின் குட்டிகள் கண்ணைப் பறித்தன. அப்படி ஒரு அழகு. ஆனால் என் கணவர் குனிந்து காலைப் பார்த்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் முன்னங்கால் உள்பக்கமாகக் கோணியிருந்தது. ஒன்று நொண்டியது. இன்னொன்று மூட்டையோடு இறக்கத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. "தகப்பனுக்கும் இந்தக் கோணல் இருக்கு புள்ள. மேனி மினுமினுப்புல நான்தான் கவனிக்கல" என்றார்.

பழுப்புக் குதிரையின் குட்டிகள் பார்வைக்குச் சுமார்தான். ஆனால் கால் தூண் மாதிரி நேர். அகலமான நெஞ்சு, மேட்டில் ஏறினாலும் இரைக்காத மூச்சு. இத்தனைக்கும் தாய்கள் எல்லாம் சாதாரண மலை மட்டங்கள். "இந்த எலும்பு அதுங்க குடுத்தது இல்ல. எல்லாம் அப்பன் சொத்து" என்று அவர் ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தார். முட்டியில் பட்ட அடி அந்தக் குதிரையோடு போயிற்று. கோணல் கால் அப்படி இல்லை, குட்டிக்கும் வந்துவிடுகிறது. இது அவருக்குத் தெரியாத விஷயமா? சுழியும் ஜெயித்த ரேஸும் சேர்ந்து கண்ணை மறைத்திருந்தன.

அதில் ஒரு குட்டிக்குத் தகப்பனைப் போலவே நெற்றியில் இரண்டு சுழி. எனக்குத் திக்கென்றது. அதைப் பிடித்திருந்தவள் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"இந்தச் சுழி ஆகாதுங்கிறாங்களே, உங்க வீட்டுல ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இது வந்த பொறவுதான் தாயி இவன் பொறந்தான். சுழியப் பாத்துக்கிட்டு நின்னா சோலி ஆவுமா? மூட்டையத் தூக்குது, வீடு வந்து சேருது. அது போதும்."

அந்தக் குழந்தை குட்டியின் நெற்றியில் சரியாக அந்தச் சுழியிலேயே கையை வைத்து அடித்து விளையாடிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவர் இரண்டு மனசாக நடந்தார். ஆசை பழுப்புக் குதிரையிடம் போய்விட்டது, பயம் என் வயிற்றுப் பிள்ளையிடம் நின்றது. கடைசியில், "நீயே சொல்லு. உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்" என்றார். ஆசையை அப்படித் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். "பழுப்பையே கொண்டாங்க. அல்லா பாத்துக்குவான்" என்றேன்.

குதிரை வந்தது. மாமி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. பழைய கம்பளித் துண்டு ஒன்றைக் கிழித்து, சுழி தெரியாமல் அதன் நெற்றியில் கட்டிவிட்டார். என் கண்ணில் படக்கூடாதாம். சீசனுக்கு வந்தவர்கள், "பாய், குதிரைக்குத் தலைவலியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் குதிரையும் சாதுவாகத் தலையைக் குனிந்து மாமியிடம் கட்டிக்கொள்ளும்.

வைகாசியில் எனக்கு வலி எடுத்தது. லேசில் பிறக்கவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழையும் மேகமுமாக இருந்தது. வலிக்கு நடுவே எனக்கு அந்த இரண்டு சுழிகள்தான் கண்ணுக்குள் வந்தன. தப்புச் செய்துவிட்டோமோ, மாமி சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று நடுங்கிப்போனேன். சாயங்காலம் தொழுகைக்குச் சற்று முன்னால் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. மாமி வாங்கிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த தையில் பெட்டைக் குதிரையும் குட்டி போட்டது. தகப்பனைப் போலவே நேரான கால். சில வருடம் கழித்து அது மெட்ராஸில் ஓடியது. பெரிய பெயரெல்லாம் எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை முதலாவதாக வந்தது, அதற்கே இவர் பஜார் முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முன்னால் நடந்தது.

நாற்பதாம் நாள் குழந்தைக்கு முடி களைந்தோம். மொட்டைத் தலை பளிச்சென்று தெரிந்ததும் வந்திருந்த பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். எட்டிப் பார்த்தேன். உச்சந்தலையில் இரண்டு சுழி! ரெட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே. ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "பொட்டப் புள்ளைக்கு ரெட்டைச் சுழியா கெடக்கு?"

எனக்கு உயிரே போய்விட்டது. மாமியைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமி குழந்தையை வாரி எடுத்து, அந்த இரண்டு சுழியிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார். "எங்க வீட்டுல சுழி பாக்குற வழக்கம் கெடையாது" என்றார். பிறகு பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக லாயத்துக்குப் போய், பழுப்புக் குதிரையின் நெற்றியிலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து எறிந்தார்.

என் மகளுக்கு ஒரே கல்யாணம்தான் நடந்தது, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். யாரையாவது பார்த்த மாத்திரத்தில் இவர் இப்படித்தான் என்று முடிவுகட்ட என் வாய் துடிக்கும்போதெல்லாம், தலையில் துண்டு கட்டிய அந்தக் குதிரை என் முன்னால் வந்து நிற்கும், நானும் வாயை மூடிக்கொண்டு இன்னொரு முறை நன்றாகப் பார்ப்பேன்.