தனலெட்சுமி ஏறிய மூன்று சக்கர வண்டி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சுங்கை பஞ்சாங்கிலிருந்து தனலெட்சுமியின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க மாமா. தூக்கத்துலயே" என்றார். கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஸ்டோர் கிராணி, சாமான் வாங்கிக் கணக்கெழுதும் ஆள். தனலெட்சுமி, உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர். லோரி போக முடியாத சேற்று வரிசைகளிலிருந்து பழ மூட்டைகளை ஏற்றி வரத் தடித்த டயர் போட்ட மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தது. அதன் செயின் திறந்தே கிடந்தது. கவர் வாங்கும் பொறுப்பு என்னுடையது. துருப்பிடிக்காது, கனமில்லை என்று கறுப்புப் பிளாஸ்டிக் கவரைத் தேர்ந்தெடுத்தேன். தனலெட்சுமி அதைத் தட்டிப் பார்த்தார். "கிராணி, பனை மட்டை அடிச்சா இது தாங்காது லா. இரும்புல வாங்குங்க" என்றார். நான் கேட்கவில்லை.

வண்டியை ஓட்டியவர் மாணிக்கம். ஒருநாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் செயினில் எண்ணெய்த் துணியை வைத்துத் தேய்த்தார். தனலெட்சுமி போய்ச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டார். "செயின் நின்னப்புறம் தொடு. அதுக்கு உன் கை எது, துணி எதுன்னு தெரியாது." அதன் பிறகு மாணிக்கம் தினமும் வண்டியை அணைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்துச் சேற்றைக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய் விடுவார்.

இரண்டு மாதத்தில் கவர் உடைந்தது. தனலெட்சுமி ஸ்டோருக்கே வந்து சொன்னார். "புதுசு வருது, அதுவரைக்கும் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றேன். நான்காம் நாள், மூட்டைகளைப் பிடித்தபடி அவர் பின்னால் உட்கார்ந்து வந்தபோது, இடுப்பில் சுற்றியிருந்த துண்டின் முனை செயினில் சிக்கியது. சட்டென்று இழுத்தார். துண்டோடு கையும் செயினுக்குள் போனது. வலக்கையில் இரண்டு விரல்நுனிகளை இழந்தார்.

விசாரணைக்கு மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மாணிக்கத்தின் கவனக்குறைவு என்று எழுதப் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. கையில் கட்டோடு நின்ற தனலெட்சுமிதான் பேசினார்.

"மாணிக்கம் மேல தப்பில்லங்க. இந்தக் கவர் வேணாம்னு கிராணிகிட்ட சொன்னேன், கேக்கல. ஒடஞ்சதும் சொன்னேன். அப்பவும் வண்டிய நிறுத்தல."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "அவங்க சொன்னது உண்மை" என்று மட்டும் சொன்னேன். "அப்போ கவர் வாங்கற வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துடலாமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"வேணாங்க. புது ஆளுக்கு மொதல்லருந்து சொல்லணும். இவருக்கு இப்பத் தெரியும். இவரே பாக்கட்டும்."

மறுநாள் நானே அந்த வண்டியில் அரை நாள் வரிசை வரிசையாகச் சுற்றினேன். மட்டை எங்கே அடிக்கிறது, சேறு எங்கே அடைக்கிறது என்று பார்த்தேன். முழுக்க மூடினால் சேறு உள்ளே தங்கிச் செயினைத் தின்றுவிடும். அதனால் மேலேயும் பக்கங்களிலும் இரும்புத் தகடு, கீழே சேறு விழத் திறப்பு, செயினின் தொய்வைப் பார்க்கச் சின்னக் கதவு என்று வரைந்து, தஞ்சோங் காராங் பட்டறையில் செய்து வாங்கினேன்.

அதைப் பொருத்திய காலையில் பின்னால் ஏற எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. தனலெட்சுமி வந்தார். குனிந்து கவரைச் சுற்றிலும் பார்த்தார். இடக்கையால் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, "எடு மாணிக்கம், நேரமாச்சு" என்றார்.

என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் தவற்றை என் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு நான் செய்த வேலையை நம்பி முதல் ஆளாக ஏறினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டும்தான்.