மாடில்லாத வீட்டுக்குப் புல்

என் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பம் போல. சேலை கட்டினால் வெளியே தெரியாது. எனக்குச் சர்க்கரை என்று சொன்னபோது மாமியார் நம்பவேயில்லை. "இவ இன்னா குண்டாவா கீறா? லேப்ல எவளோடதையோ மாத்திக் குடுத்துட்டாங்கோ" என்றார்.

உத்திரமேரூர் டாக்டரம்மா என் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். "தோலுக்கடியில இருக்கற கொழுப்பு அவ்வளவா தொல்லை பண்ணாது. உங்களுக்கு உள்ளே, குடலைச் சுத்தி, கல்லீரல்ல சேர்ந்திருக்கு. அது சும்மா கிடக்காது. இன்சுலின் சொன்னா உடம்பு கேக்காதபடி பண்ணிடும். சர்க்கரை ரத்தத்துலயே நின்னுடும். தினமும் வேகமா நடங்க. வயிறு கரைஞ்சா ஊசி வரைக்கும் போகாம தப்பிக்கலாம்."

எனக்கு ஊசி என்றாலே பயம். நடந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

மானாம்பதியில் பிறந்த வீட்டில் நாற்று நட்டவள் நான். சாலவாக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்ட பிறகு கழனியில் கால் வைத்ததில்லை. ஆபீஸ் உத்தியோகக்காரர் வீட்டு மருமகள் சேற்றில் இறங்கக் கூடாதாம். அதில் இவர்களுக்கு அவ்வளவு பெருமை. சோற்றைப் போட்டு உட்கார வைத்தார்கள். இந்த வயிறு அந்தப் பெருமையில் வளர்ந்ததுதான்.

விடிந்ததும் ஏரிக்கரையில் நடந்தேன். வேலையில்லாமல் ஒரு பொம்பளை கையை வீசிக்கொண்டு நடந்தால் எங்கள் ஊருக்குப் பொறுக்காது. யாரைப் பார்க்கப் போகிறாள் என்று பேச்சு கிளம்பியது. அதனால் கூடையும் அரிவாளும் எடுத்துக்கொண்டேன், புல்லறுக்கப் போகிறவள் மாதிரி. அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. பாவாடை நாடாவை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரிதான் தெருவில் வைத்துக் கேட்டாள். "மாடே இல்லாத வூட்டுக்கு எதுக்குடி புல்லு?"

அன்று மாலை என் கணவர் கூடையைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார். "ஊரே சிரிக்குது. நடக்கணும்னா வூட்டுக்குள்ளயே நட." இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றை மாமியார் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது.

நடை நின்றது. வயிறு திரும்பி வந்தது, பின்னாலேயே சர்க்கரையும். மாத்திரை கூடிக் கூடி, கடைசியில் போன வருடம் ஊசி.

இந்தத் தை மாதம் அவருக்கும் சர்க்கரை வந்தது. அதே டாக்டரம்மா, அதே பேச்சு. மறுநாளே வெள்ளை ஷூ வாங்கினார். இப்போது ஏரிக்கரையில் வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கிறார். "உடம்ப இன்னா கட்டுப்பாடா வச்சிக்கினு கீறாரு பாரு" என்று அதே பக்கத்து வீட்டுக்காரி என்னிடமே மெச்சுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வர்றதுக்குள்ள சக்கரை இல்லாம காப்பி போட்டு வை" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் கிளம்புகிறார். கதவைச் சாத்திவிட்டு, சேலையை விலக்கி, வயிற்றுக் கொழுப்பைக் கிள்ளிப் பிடித்து ஊசியைக் குத்திக்கொள்கிறேன். அங்கேதான் போட வேண்டுமாம். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.